போலரைசர் பில்டரும் பாறைப் படங்களும்: நெடுநாள் பாவனைக்குப் பிறகு

சவூதியில் வேலைக்குப் போயிருக்கும் நண்பன் கேட்கிறான்: “மச்சான், 67 மில்லிமீற்றர் போலரைசர் விலை நல்லா இறங்கிக் கிடக்கு. அல்-உலாவுக்குப் போகப்போறன். வாங்கவா?” போலரைசர் என்பது லென்சின் முன்னால் பூட்டும் பில்டர்; ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும், வளையத்தைத் திருப்பினால் மினுக்கம் குறையும், வானம் கறுக்கும். அல்-உலா சவூதியில் பாறைகளுக்குப் பேர்போன இடம். அவனிடமும் என்னிடமும் ஒரே நிக்கான் 18-140 லென்ஸ். அதே பில்டரைத்தான் கட்டாரில் வேலை செய்த காலத்தில் வாங்கினேன். மட்டக்களப்புக்குத் திரும்பிய பிறகும் குடும்பிமலை, உகந்தை என்று பாறை தேடிப் போகும் இடமெல்லாம் அது கூடவே வருகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லென்சின் வாயில் வெயில் மறைப்பாகப் போடும் ஹூட்டைப் பூட்டினால் இதைத் திருப்ப முடியாது. இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். போலரைசர் என்பதே திருப்பித் திருப்பிப் பார்த்துப் பாவிக்கிற சாமான். வெட்ட வெளியில், பக்கவாட்டு வெயில் கண்ணாடியில் விழாமல் இருக்க ஹூட்டும் கட்டாயம் வேண்டும். அதைப் பூட்டியதும் பில்டரின் வளையம் உள்ளே போய்விடுகிறது. முன்பக்கத்தால் விரலை விட்டால் கண்ணாடியில் ரேகை பதிகிறது. கழற்றி, திருப்பி, மறுபடி பூட்டினால் அதற்குள் பாறையில் விழுந்த வெளிச்சம் ஏறிவிடுகிறது. விடியற்காலையில் நல்ல வெளிச்சம் நிற்பதே கொஞ்ச நேரம். பென்டாக்ஸ் ஹூட்டுகள் பலவற்றில் இதற்கென்றே கீழ்ப்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. திறந்து விரலால் உருட்டலாம். ஒரு துளை, ஒரு மூடி, அவ்வளவுதான். எல்லா லென்சுக்கும் இதைச் செய்தால் என்ன?

அடுத்தது மணல். தோஹாவுக்கு மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றரில் ஸிக்ரீத். சிற்பி ரிச்சர்ட் செராவின் நான்கு பிரமாண்ட உருக்குத் தகடுகள் 2014 முதல் நிற்கின்ற அதே பாலைவனம். அங்கே சுண்ணக்கல் திட்டுகள் அடி தேய்ந்து, மேலே கெட்டியான தொப்பி மட்டும் நீட்டிக்கொண்டு காளான் மாதிரி நிற்கும். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று அடித்தால் பொடி மணல் பில்டரின் இரண்டு வளையங்களுக்கும் இடையில் புகுந்துவிடும். பிறகு திருப்பும்போதெல்லாம் நறநற. ஊதினாலும் போகாது. தூசி கிளம்பிய நாளில் பில்டருக்கு வேலையும் இல்லை. தூசியும் மூட்டமும் வானத்து ஒளி ஒரே திசையில் அதிரும் ஒழுங்கைக் கலைத்துவிடுவதால், எப்படித் திருப்பினாலும் வானம் வெளிறியபடியே இருக்கும்.

வானம் தெளிவாக இருந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சூரியனிலிருந்து 90 பாகை தள்ளி இருக்கும் வானப் பட்டைதான் அதிகம் கறுக்கும். காலையிலும் மாலையிலும் அந்தப் பட்டை வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்குக்கு ஓடுகிறது. நமது லென்ஸ் ஆக அகலமான 18 மில்லிமீற்றரில் மூலைக்கு மூலை 76 பாகையைப் பிடிக்கும். அப்படியானால் ஒரே படத்தில் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர்நீலம். அல்-உலாவின் யானைப் பாறை 52 மீற்றர் உயரம். அதற்குப் பின்னால் திட்டுத் திட்டான வானத்தை யார் பார்ப்பது? சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் வானத்தில் மாற்றமே தெரியாது. சித்திரை வெயில் உச்சிக்கு வரும்போது அடிவானம் சுற்றிவரச் சீராகக் கறுக்கும். ஆனால் அந்த நேரத்தில் பாறை நிழலே இல்லாமல் தட்டையாகக் கிடக்கும். பாறைக்கு நல்ல வெளிச்சம் இருக்கும் நேரமும் வானத்துக்கு நல்ல நேரமும் சேர்ந்து வருவதே இல்லை.

இனி இதன் நல்ல பக்கம். மாரி மழை ஓய்ந்த ஒரு காலையில், பாணமைக்குத் தெற்கே உகந்தைமலை முருகன் கோயிலை ஒட்டிய பாறைகளில் நின்றேன். கல் முழுவதும் ஈரம். கிழக்கே கடலில் இருந்து ஏறிய வெயில் பட்டு எல்லாமே வெள்ளியாக மினுங்கியது. கமராத் திரையைப் பார்த்துக்கொண்டே ஹூட் இல்லாமல் வளையத்தைத் திருப்பினேன். மினுக்கம் ஒரு ஓரத்திலிருந்து வடிந்து போனது. அடியில் இருந்த கல் எழுந்து வந்தது: கறுப்பும் சாம்பலும் மாறி மாறி ஓடும் வரிகள், இடையில் ஒரு வெளிறிய இளஞ்சிவப்புக் கோடு, அதை ஒட்டிப் பச்சைப் பாசி. பக்கத்துச் சுனையில் தண்ணீரின் பளபளப்பு நீங்கி, அடியில் கிடந்த சருகின் நரம்புகூடத் தெரிந்தது. வானத்தின் நீலத்தைக் கணினியில் கூட்டலாம், குறைக்கலாம். மினுக்கத்துக்குள் மறைந்து போன கல்லின் வரியை எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது, அது படத்தில் பதியவே இல்லையே. அந்தக் காலைக்காக இந்தக் கண்ணாடிக்கு நான் எவ்வளவும் கொடுப்பேன்.

பில்டர் ஒன்றரை, இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தைத் தின்னும்; ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகிறது. இரண்டு ஸ்டொப் என்றால் 1/60 செக்கனில் எடுக்க வேண்டியது 1/15 செக்கனுக்கு இறங்கும். ட்ரைபாட் இருந்தால் கவலையில்லை. கடல் உப்பில் லென்சோடு இறுகிப்போனால் வளையத்தைச் சுற்றி ஒரு றப்பர் பாண்டைப் போட்டுத் திருகு, கழன்றுவிடும்.

மச்சான், அல்-உலாவில் உனக்கு ஈரக் கல் கிடைப்பது அரிது. இரும்பும் மங்கனீசும் படிந்து கறுப்பாக மினுங்கும் பாறை முகங்களில் பில்டர் கொஞ்சம் உதவும். காய்ந்த மணற்கல்லில் மாற்றம் சொற்பம். இறங்கிய விலைக்கும் வேண்டாம். ஹூட்டைப் பூட்டிக்கொண்டு போ. அந்தக் காசைச் சேர்த்து இன்னொரு இரவு தங்கு, யானைப் பாறையை அந்தியிலும் பார்க்கலாம், அடுத்த நாள் விடியலிலும் பார்க்கலாம்.