இ-சிகரெட் செய்ய டார்ச் குழலா, பவர் பேங்க்கின் வெளிக்கூடா?

வீட்டிலேயே இ-சிகரெட் செய்தவர்கள் தொடக்கத்தில் கைவைத்தது டார்ச்சில்தான். பிரிட்டனில் மேக்லைட் என்ற பிராண்டு டார்ச்சின் குழலிலேயே செய்தார்கள். (இந்தியாவில் 2019 சட்டப்படி தயாரிப்பதே குற்றம்.) அலுமினியக் குழல், ஒரு 18650 செல் (உருளை வடிவ லித்தியம் பேட்டரி), பின்பக்க ஸ்விட்ச், தலையில் 510 திருகு (ஆவியாக்கும் பகுதியை மாட்ட). சர்க்யூட் எதுவும் கிடையாது. வசதியும் அதுதான், வம்பும் அதுதான். முழு சார்ஜில் 4.2 வோல்ட், 0.5 ஓம் காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) 8.4 ஆம்பியர் இழுக்கும், 0.2 ஓம் என்றால் 21. மலிவு டார்ச் ஸ்விட்ச் இதற்குச் செய்ததல்ல. ஸ்பிரிங் சூடேறித் தளரும், பிளாஸ்டிக் இளகும், ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் காயில் அணையாது. செல் கக்கும் வாயு வெளியேற ஓட்டை இல்லையென்றால் குழலே வெடிக்கும்.

பவர் பேங்க்கில் உருப்படியானது கூடு மட்டும். அதன் 5 வோல்ட், 2 ஆம்பியர் சர்க்யூட் போர்டு, 1.5 ஓம் காயில் கேட்கும் 3.3 ஆம்பியரைத் தராமல் அணைந்துவிடும். போர்டைத் தாண்டிச் செல்லிலேயே ஒயர் இழுப்பது அதைவிட மோசம். பாதுகாப்பும் போச்சு, அந்தச் செல்லும் இவ்வளவு மின்னோட்டத்துக்கானதல்ல. 20 ஆம்பியர் தாங்கும் செல், ஹோல்டர், காயிலின் ஓம் அளந்து ஷார்ட் என்றால் நிறுத்தும் போர்டு எல்லாம் தனியே வாங்க வேண்டும். மலிவு என்ற பேச்சு அத்தோடு சரி. ஆனாலும் இரண்டில் இதுதான் தேவலை, அந்தப் போர்டுக்காக. எதுவானாலும் செல்லின் பிளஸ் முனையோரம் உறை கிழிந்திருந்தால் போடவே கூடாது. அந்த விளிம்பு மைனஸ், நேராக ஷார்ட் ஆகும்.