மட்காட்டுக்கு எது நல்லது: போத்தலா, விளம்பர அட்டையா, பிவிசி குழாயா?

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய் வாங்கிய 26 அங்குல மவுண்டன் பைக் என்னுடையது. சேறு தெறிக்காமல் சில்லை மூடும் மட்காட் இல்லை, அதைப் பூட்டுவதற்குத் துளையும் இல்லை. ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில் கொழும்பு கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து இறங்கினால் சேட்டின் முதுகில் கழுத்துவரை ஒரு சேற்றுக்கோடு இருக்கும். மேலிருந்து விழும் தண்ணீராவது சுத்தமானது. அதனால் வீட்டில் கிடந்ததை வைத்தே மூன்று விதமாகச் செய்து பார்த்தேன்.

விளம்பர அட்டையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே குழல் குழலாக ஓடும் அந்தப் பிளாஸ்டிக் அட்டை கத்தியால் வெட்டுப்படும், பாரமில்லை. ஆனால் சில்லின் வட்டத்துக்கு வளைக்கப்போனால் மடிந்து உடைகிறது. ஆசனத்துக்குக் கீழே நாக்கு மாதிரி ஒரு துண்டைச் செருகிவிடலாம், அவ்வளவுதான்.

5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் பரவாயில்லை. அதற்கு ஏற்கெனவே ஒரு வளைவு இருக்கிறது. இரண்டு மூன்று துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் பூட்டினால் முன்சில்லுக்குப் போதும். மேல் துண்டின் விளிம்பு கீழ்த்துண்டுக்கு வெளியே வரவேண்டும். மாறி வைத்தால் டயர் வீசுகிற தண்ணீர் இடைவெளியால் பீறிடும். குறை என்னவென்றால் சத்தம். வெள்ளவத்தைக் காலி வீதியில் பள்ளம் வரும்போதெல்லாம் படபடவென்று அடிக்கும்.

பின்சில்லுக்கு நான் கை காட்டுவது பிவிசியைத்தான். 110 மில்லிமீற்றர் கழிவுநீர்க் குழாயை நீளவாக்கில் அறுத்து, டயரைவிட ஒரு சென்ரிமீற்றர் அகலக் கூட்டி, கிட்டத்தட்ட 90 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு பட்டி எடுங்கள். பிவிசி 80 பாகை அளவில் இளகிவிடும், கொதிதண்ணீரே போதும். நெருப்பில் நேரே பிடித்துக் கருக்கினால் வருகிற புகை நஞ்சு. டயரின்மேல் சாக்கை இரண்டு மடிப்பாகச் சுற்றி, இளகிய பட்டியை அதன்மேல் அழுத்திப் பிடித்து ஆறவிட்டேன். வளைவும் வந்தது, சாக்கை உருவியதும் டயருக்கு வேண்டிய இடைவெளியும் தானாகவே கிடைத்தது. ஒரே மூச்சில் வளையாது, துண்டு துண்டாகத்தான் வளைக்கவேண்டும். என் முதல் பட்டி கோணலாகிக் குப்பைக்குப் போனது.

சரி, மட்காட் எதுவானாலும் அதைத் தாங்கும் கம்பிதான் பெரிய வேலை. அலுமினியப் பட்டி கைக்கு வசமாக வளையும், ஆனால் நாளாக நாளாகப் பூட்டிய இடத்தில் வெடிக்கும். பழைய சில்லுக்கம்பியே மேல். 2 மில்லிமீற்றர் உருக்கு அது. பக்கத்துக்கு இரண்டு போட்டு முக்கோணமாக்கினால் ஆடாது. துளையில்லாத பிரேமில் கம்பியைப் பூட்ட ஹோஸ் கிளிப்பை (குழாயை இறுக்கும் தகட்டு வளையம்) போட்டு, அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்தால் பெயின்ற் உரியாது.

முன்சில்லில் மட்டும் கம்பியை நட்டுப்போட்டு இறுக்க வேண்டாம். “தம்பி, முன்னுக்குக் கேபிள் டை போடும், தடி கிடி சிக்கினா அது அறுந்துபோகும், நீர் தலைகீழா விழமாட்டீர்” என்றார் எங்கள் ஒழுங்கைச் சைக்கிள் கடைக்காரர். பின்சில்லுக்கு நட்டே சரி.

முன் மட்காட்டின் பின்பக்கக் கீழ் நுனியில் பழைய டியூபில் ஒரு நாக்கு தொங்கவிடுங்கள், நிலத்துக்கு ஒரு சாண் இருக்கும்வரை. முதல் வாரம் இது இல்லாமல் ஓடியதில் முதுகு காய்ந்திருந்தது, இரண்டு சப்பாத்துக்குள்ளும் தண்ணீர்.