மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. போதுமா, பெரா வேண்டுமா?

பிறந்ததும் அழாமல், சில நாள் வென்டிலேட்டரில் கிடந்து வீடு வரும் குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டில் சில சமயம் 'ஓ.ஏ.இ. – பாஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். ஓ.ஏ.இ., பெரா இரண்டும் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைகள். பெற்றோர் நிம்மதியாக மடித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டு வயதாகியும் 'அம்மா' வராதபோதுதான் அந்தச் சீட்டைத் தேடுகிறார்கள்.

ஓ.ஏ.இ. எளிமையானது. காதுக்குள் சின்ன ரப்பர் முனையை வைத்து மெல்லிய ஒலியை அனுப்புவார்கள். உட்காதில் ஒலியைப் பெருக்கித்தரும் வெளிமயிர்ச் செல்கள் நன்றாக இருந்தால் பதிலுக்கு ஓர் எதிரொலி எழும். முனையிலுள்ள மைக் அதைப் பிடிக்கும். சில நிமிட வேலை. பிறந்த ஓரிரு நாளில் காதில் நீர் தேங்கியிருந்தாலும் 'ரெஃபர்', அதாவது பாஸ் ஆகவில்லை என்று வரும். அதற்காகக் கலங்க வேண்டாம், திரும்ப எடுக்கலாம்.

பெராவுக்குப் பொறுமை வேண்டும். குழந்தை அயர்ந்து தூங்க வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டி, 'டிக் டிக்' ஒலியைக் கேட்கவிட்டு, அது செவிநரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போவதைத் திரையில் அலைகளாகப் பார்ப்பார்கள். ஐந்தாவது அலை எவ்வளவு மெல்லிய ஒலிவரை தெரிகிறது என்பதுதான் முக்கியம்.

மூச்சுத்திணறிய குழந்தைக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாமே. ஆக்சிஜன் குறையும்போது வெளிமயிர்ச் செல்கள் தப்பி, ஒலியை நரம்புக்குக் கொடுக்கும் உள்மயிர்ச் செல்களோ நரம்போ அடிபடலாம். அப்போது ஓ.ஏ.இ. பாஸ் ஆகும், பெராவில் அலையே இருக்காது. செவிநரம்புக் கோளாறு என்பது இதுதான். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. ஸ்டேஷன் சரியாகச் சிக்காத ரேடியோ மாதிரி. அதனால்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, பெரா வகைப் பரிசோதனை வேண்டும் என்று குழந்தைகளின் செவித்திறனுக்கான அமெரிக்கக் கூட்டுக் குழு 2007-லேயே சொன்னது. இப்படிப்பட்ட குழந்தையை ஓ.ஏ.இ.யோடு அனுப்பிவைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

'கை தட்டினால் திரும்புகிறானே' என்பார்கள். கைதட்டல் பெரிய சத்தம். நிழலசைவுக்கும் குழந்தை திரும்பும். இதைப் பரிசோதனையாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

பெராவும் முழுத்தீர்ப்பு அல்ல. குறைமாதக் குழந்தைக்கு நரம்பு முதிர முதிர அலை தெளிவாகலாம். செவிநரம்புக் கோளாறில் அலை இல்லாததை வைத்து எத்தனை டெசிபல் குறை என்று சொல்ல முடியாது. 6 மாதத்துக்கு மேல், ஒலி வரும் பக்கம் குழந்தை திரும்புகிறதா என்று பார்க்கும் நடத்தைப் பரிசோதனையும் சேர்ந்தால்தான் ஹியரிங் எய்டா, ஆபரேஷன் செய்து உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்டா என்று பேச முடியும். அலை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஆபரேஷனுக்கு அவசரப்படுத்தினால், இன்னொரு ஆடியாலஜிஸ்டை (செவித்திறன் நிபுணரை) பாருங்கள்.

செவிக்குறை பிறகும் வரலாம். நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியிருந்த குழந்தைகளிடமும், ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் மருந்து நாள்கணக்கில் போட்ட குழந்தைகளிடமும் இந்தப் பயம் அதிகம். பெரா நன்றாக வந்திருந்தாலும் 9 மாதத்துக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் ஃபைலை முழுதாக எடுத்துப் போங்கள்: வென்டிலேட்டரில் எத்தனை நாள், என்னென்ன ஊசி, மஞ்சள் காமாலை எவ்வளவு ஏறியது. ஆடியாலஜிஸ்ட் கேட்கப்போவது இவற்றைத்தான்.