என் பக்கத்து பிரேக்: ஃபோர்ஸா ஹொரைசன் 5

மழை. எரிமலையிலிருந்து கீழே இறங்கும் சாலை. ஓட்டுவது 1963 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில், சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை அணைத்து வைத்திருக்கிறேன். கொண்டை ஊசி வளைவு வருகிறது. இடது ஆள்காட்டி விரலால் கண்ட்ரோலரின் பிரேக் ட்ரிக்கரை அழுத்துகிறேன். முக்கால்வாசி உள்ளே போனதும் ட்ரிக்கர் விரல் நுனியில் கரகரவென்று அதிர்கிறது. சக்கரம் லாக் ஆகிவிட்டது. இனி எவ்வளவு திருப்பினாலும் வண்டி சரிவைப் பார்த்து நேராகத்தான் போகும். விரலை ஒரு நூல் அளவு தளர்த்துகிறேன். அதிர்வு நிற்கிறது, சக்கரம் மறுபடி உருள்கிறது, வண்டியின் மூக்கு வளைவின் உள்பக்கம் திரும்புகிறது.

அந்த ஒரு நூல் அளவுக்காகத்தான் இந்தக் கார் வீடியோ கேமைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது எனக்குத் தொழில். பதினொரு வருடமாகிறது. காலை ஆறு மணிக்கு முதல் ஆள் வருவார், இரவு எட்டு மணிக்குக் கடைசி ஆள் போவார். அந்த நேரம் முழுக்க நான் ஆல்டோவின் இடது சீட்டில், என் காலடியில் இருக்கும் கூடுதல் பிரேக், கிளட்ச் மேல் பாதத்தை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்தும் கார் ஓட்டுவதா என்று என் மனைவி கேட்கத்தான் செய்கிறாள். அக்கா மகன் வேலை கிடைத்து பெங்களூரு போனபோது, "மாமா, இதை ஓட்டிப் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லித் தன் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கேம் கன்சோலை எங்கள் ஹாலில் வைத்துவிட்டுப் போனான். எட்டு மாதமாக, சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு மணி நேரம் மெக்சிகோவில் இருக்கிறேன்.

ஆமாம், இந்த விளையாட்டு நடப்பது மெக்சிகோவில். இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா ஊரில் இருக்கும் பிளேகிரவுண்ட் கேம்ஸ் உருவாக்கியது, 2021 நவம்பரில் வந்தது. 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5க்கும் வந்துவிட்டதால், எக்ஸ்பாக்ஸும் நல்ல கம்ப்யூட்டரும் இல்லாதவர்களும் இப்போது ஆடலாம். பாலைவனம், காடு, கடற்கரை, உச்சியில் எரிமலை, நடுவில் வண்ண வண்ண வீடுகளோடு குவானஹுவாத்தோ நகரம். அந்த நகரத்துக்கு அடியில் சுரங்கச் சாலைகள் ஓடுகின்றன. நிஜத்திலும் அப்படித்தான், அவற்றில் சில பழைய ஆற்றுப் படுகையின் வழியே போடப்பட்டவை. படம் எவ்வளவு அழகு என்று பல பேர் எழுதிவிட்டார்கள், அழகுதான். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

கார் விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஒரு கோடு போடுவார்கள். இந்த முனையில் ஜாலிக்காக ஓட்டும் ஆர்கேட், அந்த முனையில் நிஜ வண்டியை அப்படியே காட்டும் சிமுலேஷன். நல்ல விளையாட்டு நடுவில் எங்கோ நிற்கும் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து 2005இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் ஆடியவன் நான். போலீஸ் துரத்தல் இன்றைக்கும் மனதில் இருக்கிறது. வண்டி எப்படி ஓடியது என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. எந்த வண்டியை எடுத்தாலும் ரோட்டில் ஒட்டிக்கொண்டு போகும். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் 2014இல் வந்த அசெட்டோ கோர்ஸா. மருமகன் தன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். நிஜ ரேஸ் டிராக்குகளை லேசரால் அளந்து செய்திருக்கிறார்கள், டயர் சூடேறும் வரை வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. அருமையான வேலை. ஆனால் பத்து நிமிடம் கஷ்டப்பட்டு ஓட்டிவிட்டு ஒரு தப்பு செய்தால் எல்லாம் போச்சு. பகலெல்லாம் கவனமாக உட்கார்ந்திருந்து விட்டு வருபவனுக்கு இரவில் அது தாங்காது.

ஹொரைசன் 5 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கவில்லை என்பது என் கட்சி. இரண்டையும் கலந்து இரண்டிலும் பாதியாக நிற்காமல், இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். நிஜத்தை வண்டிக்குள் வைத்தார்கள், விளையாட்டை வண்டிக்கு வெளியே வைத்தார்கள். டயர், எடை, பிரேக், சஸ்பென்ஷன் இவற்றில் பெரிதாகச் சமரசம் இல்லை. ரேஸ் டிராக்குக்கென்றே இருக்கும் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் வரிசையின் கூடப்பிறப்புதானே இது. ஆனால் வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிட்டால் உலகம் மன்னிக்கிறது. கள்ளிச்செடி ஒடிகிறது, வேலி பறக்கிறது, அதற்கும் பாயிண்ட் கொடுக்கிறார்கள். பெரிய மரம், சுவர் மாதிரி சிலதுதான் நிறுத்தும். அப்போதும் பம்பர் நசுங்கியபடி ஓட்டிக்கொண்டு போகலாம்.

அப்புறம் ரீவைண்ட்.

ஒய் பட்டனை அழுத்தினால் கடைசிச் சில நொடிகள் பின்னோக்கி ஓடும். வளைவுக்கு முன்னால் கொண்டுபோய் விடும், மறுபடி ஓட்டலாம். இது இவர்கள் கண்டுபிடித்ததில்லை. 2008இல் வந்த கிரிட் விளையாட்டில் ஃப்ளாஷ்பேக் என்ற பெயரில் எண்ணிக்கை வைத்துக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 3 எண்ணிக்கையே இல்லாமல் கொடுத்தது. இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்கள் உண்டு, என் மருமகனும் அதில் ஒருவன். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். என் காலடியில் இருக்கும் அந்த இரண்டாவது பிரேக் பெடல் எதற்கு? புதிதாக வருபவர் ஸ்டீயரிங் பிடிக்கும்போது கார் நிஜமான கார்தான். பொம்மை காரில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது. கிளட்சைப் பட்டென்று விட்டால் குலுங்கி நின்றுவிடும், வளைவில் வேகமாகப் போனால் சாயும். அதில் எதையும் நான் அவருக்காகக் குறைக்க முடியாது. நான் செய்வதெல்லாம் அவர் செய்த தப்பு பால் வண்டி மேல் போய் முடியாமல் தடுப்பது. தப்பு முழுசாகத் தெரியும், அடி மட்டும் விழாது. அதனால்தான் அவர் அதே வளைவை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கத் துணிகிறார். ரீவைண்ட் அந்த பெடல்தான். அதை எடுத்துவிட்டால் நான் அந்த எரிமலைச் சாலையில் ஏபிஎஸ்ஸை அணைத்து வைக்க ஒருநாளும் துணிந்திருக்க மாட்டேன்.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் செட்டிங்ஸ் பக்கம் என்று சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஏபிஎஸ், சக்கரம் சும்மா சுற்றாமல் தடுக்கும் ட்ராக்ஷன் கண்ட்ரோல், வண்டி சறுக்கிச் சுழலாமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், ஸ்டீயரிங் உதவி, கியர், ரோட்டில் வழி காட்டும் கோடு, சேதம், ரீவைண்ட் எல்லாம் தனித்தனி ஸ்விட்ச். மொத்தமாக எளிது, கடினம் என்று வைத்துக்கொண்டும் ஆரம்பிக்கலாம், ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டும் போகலாம். என் பத்து வயது மகள் எல்லா உதவியையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறாள். வண்டி அவளுக்காகத் தானே பிரேக் போடும், தானே திரும்பும். அதே சாலையில், அதே வண்டியில், நான் உதவி எதுவும் இல்லாமல் ஓட்டுகிறேன். இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: எல்லாவற்றையும் ஒரே நாளில் அணைக்காதீர்கள். முதலில் வழிக்கோட்டை பிரேக்குக்கு மட்டும் என்று வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஸ்டெபிலிட்டியை எடுங்கள். அதற்குப் பிறகு ட்ராக்ஷன். அதை எடுத்ததும் வலது ட்ரிக்கரும் பேச ஆரம்பிக்கும். ஆக்சிலரேட்டரை அதிகமாக அழுத்தி பின்சக்கரம் சும்மா சுற்றினால் வலது விரலில் அதிர்வு வரும். ஏபிஎஸ்ஸைக் கடைசியில் எடுக்கலாம். கியரை மேனுவலுக்கு மாற்றுவது எப்போது வேண்டுமானாலும் நல்லது. கிளட்சையும் சேர்த்துப் பட்டனில் போடுவது எனக்குச் சரிப்படவில்லை. கிளட்ச் காலில் இருக்க வேண்டிய சமாசாரம்.

பீட்டிலுக்கு வருகிறேன். மெக்சிகோவில் அதற்கு வோச்சோ என்று செல்லப் பெயர். புவெப்லா தொழிற்சாலையில் 2003 ஜூலை வரை அதைச் செய்துகொண்டிருந்தார்கள், உலகத்திலேயே கடைசி பீட்டில் அங்கிருந்துதான் வந்தது. மெக்சிகோ சிட்டியில் டாக்சியாக ஓடியபோது, ஆள் ஏறி இறங்க வசதியாக டிரைவருக்குப் பக்கத்து சீட்டையே கழற்றிவிட்டு ஓட்டுவார்களாம். என் சீட்! விளையாட்டில் ஒரு குடும்பத்தின் பழைய வோச்சோவைச் சுற்றித் தனிக் கதையே இருக்கிறது. ஐநூறுக்கு மேல் கார்கள் இருக்கும்போது நான் இதையே திரும்பத் திரும்ப எடுப்பதற்குக் காரணம் அதன் இன்ஜின் பின்னால் இருப்பது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டுப் பாருங்கள். எடை முன்பக்கம் ஓடும், பின்சக்கரம் லேசாகும், கனமான பின்பக்கம் ஊஞ்சல் மாதிரி வெளியே வீசும். நிஜத்திலும் பின்னால் இன்ஜின் உள்ள வண்டி இப்படித்தான் நடந்துகொள்ளும். அடுத்த முறை அதே வளைவில் காலை, மன்னிக்கவும், விரலை மெதுவாக எடுங்கள். வண்டி பேசாமல் உள்ளே வரும். இதை விளையாட்டு பாயிண்ட் கொடுத்துச் சொல்லித்தருவதில்லை, வண்டியே சொல்லித்தருகிறது. கொஞ்சம் ஆழமாகப் பார்க்க விரும்புபவர்கள் வண்டியின் அளவுகளைக் காட்டும் டெலிமெட்ரி திரையைத் திறந்து வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கும்போது முன் சஸ்பென்ஷன் அமுங்குவதையும் ஒவ்வொரு டயரும் சூடாவதையும் கண்ணால் பார்க்கலாம்.

குறை இருக்கிறது. முதலாவது, பெரும்பாலான வண்டிகளில் ஃபோர் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரத்தையும் இன்ஜின் சுழற்றும் அமைப்பு, மாட்டிக்கொள்ள விடுகிறார்கள். அதை மாட்டி, நல்ல டயரும் போட்டுவிட்டால் தரையை உரசும் சூப்பர் காரும் மணலில் கவலையில்லாமல் பறக்கிறது. அங்கே வண்டிக்குள் வைத்த நிஜம் உடைகிறது. தூசி நிறைந்த மண் சாலையில் ஜீப்புக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்றால் எதற்கு இத்தனை வண்டி? நான் என்னளவில் ஒரு விதி வைத்துக்கொண்டேன், வண்டி எப்படித் தொழிற்சாலையை விட்டு வந்ததோ அந்த டிரைவை மாற்ற மாட்டேன். ஆன்லைனில் அதனால் தோற்கிறேன், பரவாயில்லை.

இரண்டாவது, பரிசுகளை வாரி இறைக்கிறார்கள். ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஒன் என்ற அதிவேக ஹைப்பர் காரை ஓட்டியாகிவிட்டது. பரிசுச் சக்கரத்தைச் சுழற்றினால் கார், வீடு வாங்கினால் கார். சின்ன வண்டியில் கஷ்டப்பட்டு ஓட்டி, காசு சேர்த்து, அடுத்த வண்டி வாங்கும் சுகம் இதில் இல்லை. கூடவே, எதைச் செய்தாலும் ஆகா ஓகோ என்று பாராட்டிக்கொண்டே இருக்கும் குரல்கள். கற்றுக்கொடுப்பவனாகச் சொல்கிறேன், எல்லாவற்றுக்கும் பாராட்டினால் பாராட்டுக்கு மதிப்பு போய்விடும்.

கம்ப்யூட்டர் ஓட்டும் எதிராளிகள் விஷயத்திலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. டிரைவடார் என்று பெயர், டூரிஸ்ட் முதல் அன்பீட்டபிள் வரை நிலைகள். மேல் நிலைகளில் முதலில் போகும் ஒரு வண்டி மட்டும் தனியாகப் பறந்துவிடுகிறது, மற்றவை என்னோடு முட்டிக்கொண்டு வருகின்றன. நான் நடுவில் இருக்கும் ஹைலி ஸ்கில்ட் நிலையில் வைத்திருக்கிறேன், அங்கே பந்தயம் பந்தயமாக இருக்கிறது. மனிதர்களோடு ஆன்லைனில் ஓட்டும்போது ரீவைண்ட் கிடையாது. அதுவும் சரியே. டெஸ்ட் கொடுக்கப் போகும் அன்று நானும் பக்கத்தில் உட்கார முடியாதே.

ஸ்டீயரிங் வீல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நண்பர் ஒருவரின் செட்டைக் கடன் வாங்கி இரண்டு வாரம் ஓட்டினேன். நிதானமாக ஊர் சுற்ற நன்றாக இருந்தது, கை அதற்குப் பழகியதும்கூட. ஆனால் வண்டி வழுக்கும்போது பிடித்து நிறுத்த கண்ட்ரோலர்தான் எனக்கு வேகமாக வந்தது. இந்த விளையாட்டைக் கண்ட்ரோலரை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். இதற்காக மட்டும் வீல் வாங்க வேண்டாம்.

போன மாதம் என்னிடம் வண்டி கற்றுக்கொள்ள ஒரு டீச்சர் வந்தார். ஓய்வு பெற்று மூன்று வருடம், பக்கத்துத் தெரு. மழை நாளில் பிரேக் போடச் சொன்னால் ஒன்று தொடவே மாட்டார், இல்லையென்றால் மிதித்து நின்றுவிடுவார். "தம்பி, ஏபிஎஸ் ஏபிஎஸ்ங்கறீங்களே, அது உள்ள என்னதான் செய்யுது?" என்று கேட்டார். வாயால் சொல்லிப் பார்த்தேன், கை சைகையில் காட்டினேன், பிடிபடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு அழைத்து வந்து கண்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். நீளமான ஈரச் சாலை, ஏபிஎஸ் இல்லை. முதல் முறை முழுசாக அழுத்தினார், விரல் அதிர்ந்தது, வண்டி நேராகப் போய் வேலியை உடைத்தது. நான் ஒய் பட்டனை அழுத்தி வண்டியைப் பின்னால் கொண்டுவந்தேன். இரண்டாவது முறையும் வேலி. மூன்றாவது முறை அதிர்வு வந்ததும் அவராகவே விரலைத் தளர்த்தி, மறுபடி அழுத்தி, மறுபடி தளர்த்தினார். வண்டி வேலிக்கு ஒரு ஆள் தூரம் முன்னால் நின்றது.

"இந்த விடுறதையும் பிடிக்கிறதையும்தான் டீச்சர் அது உங்களுக்காக வேகமா செய்யுது" என்றேன்.

கண்ட்ரோலரைத் திருப்பித் தராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை பின்னாடி கொண்டு போங்க தம்பி. இந்த முறை கொஞ்சம் வேகமா வரேன்."