டர்போவா, கிரையோவா? மின்வெட்டு வரும் ஊரில் பொது ஆவிப்பூச்சு எந்திரத்துக்கு ஏற்ற பம்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல ஆய்வுக்குழுக்கள் முறைவைத்துப் பயன்படுத்தும் பல்கலைக்கழகத் தூய அறை எங்களுடையது. அங்குள்ள எலக்ட்ரான்-கற்றை ஆவிப்பூச்சு எந்திரத்தில், அதாவது வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கி மெல்லிய படலமாகப் பூசும் எந்திரத்தில், சூடான எண்ணெய் ஆவியால் வாயுவைத் தள்ளும் பழைய டிஃப்யூஷன் பம்பைக் கழற்றிவிட்டு, வேகமாகச் சுழலும் தகடுகளால் தள்ளும் டர்போ மாலிக்யூலர் பம்பு வைத்தோம். பக்கத்து எந்திரத்தில் வாயுவைக் குளிரில் உறையவைத்துப் பிடிக்கும் கிரையோ பம்பு ஓடுகிறது. இரண்டையும் பராமரிப்பது ஒரே கூட்டம். "கிரையோதானே அண்ணே சுத்தமான வெற்றிடம் தரும், ஏன் டர்போ?" என்று புதிதாக வரும் தமிழ் மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் இது.

டிஃப்யூஷன் பம்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சுழலும் உறுப்பு எதுவும் கிடையாது, விலை குறைவு, வெல்டிங் தெரிந்தவர்கூட பழுது பார்த்துவிடுவார். ஆனால் கரண்ட் போனதும் குளிர்நீரும் நின்றுவிடும், கொதிகலனோ இன்னும் அரை மணி நேரம் சூடாகவே இருக்கும். அந்த நேரத்தில் எண்ணெய் ஆவி மேலே ஏறிப் படலம் போடவேண்டிய தகட்டில் படிந்தால் அடுத்து போடும் படலம் உரிந்து வரும். பலர் கை வைக்கும் எந்திரத்துக்கு அது சரிப்படாது.

கிரையோவின் பலம் தண்ணீர். டர்பனின் கோடைக் காற்றில் ஈரம் மிகுதி. அறைக்கதவைத் திறந்து மூடினால் சுவரில் ஒட்டுவதும், பிறகு மணிக்கணக்கில் வெளியேறுவதும் நீராவிதான். 10⁻⁶ மில்லிபாரில் மிஞ்சி நிற்கும் வாயுவில் பெரும்பங்கு அதுவே. பலரும் அறிந்த கிரையோ-டார் 8 பம்பு நீராவியை நொடிக்கு 4000 லிட்டர் வேகத்தில் இழுக்கும். நொடிக்கு 700 லிட்டர் வகுப்பு டர்போவால் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் முடியும். கதவை மூடியதிலிருந்து படலம் போடும்வரை ஆகும் நேரம் மட்டுமே கணக்கு என்றால் பேச்சே வேண்டாம், கிரையோதான்.

ஆனால் இந்த நாட்டில் கணக்கு அங்கே முடிவதில்லை. கரண்ட் போய் வந்த பிறகு எத்தனை மணி நேரத்தில் எந்திரம் திரும்ப வேலைக்கு வரும்? எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரே கேள்விதான். 2024 மார்ச் 26-க்குப் பிறகு பத்து மாதம் லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) இல்லாமல் இருந்தது, 2025 ஜனவரி 31 அன்று திரும்ப வந்தது. அது அடியோடு நின்றுபோனாலும் கேபிள் திருட்டும் துணைநிலையப் பழுதும் நிற்கப்போவதில்லை. பம்பு பத்து, பதினைந்து வருடம் இருக்கப்போகிற பொருள்.

கிரையோவுக்குள் நடப்பதைப் பாருங்கள். ஹீலியத்தால் குளிரும் இரண்டு கட்டங்கள் உள்ளே உண்டு. முதல் கட்டம் 65 முதல் 80 கெல்வின் வரை இருக்கும், அதில் நீராவி பனியாகப் படியும். இரண்டாம் கட்டம் 10 முதல் 20 கெல்வின் வரை. அங்கே நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஆர்கான் உறையும். ஹைட்ரஜன் போன்ற இலேசான வாயுக்கள் உறையாமல் அடியில் ஒட்டியிருக்கும் கரித்துண்டுகளில் பிடிபடும். இது இழுத்ததை வெளியே தள்ளும் பம்பு அல்ல, உள்ளேயே சேர்த்துவைக்கும் பெட்டி. ஹீலியம் கம்ப்ரசர் நின்ற சில நிமிடங்களில் இரண்டாம் கட்டம் 20 கெல்வினைத் தாண்டும். முதலில் ஹைட்ரஜன் கழன்றுவரும், பின்னாலேயே மற்றவை. வெளிவந்த வாயு இரு கட்டங்களுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்துவதால் சூடேறும் வேகம் இன்னும் கூடும். அந்த நிலையில் கரண்ட் வந்து கம்ப்ரசர் ஓடினாலும் பம்பு தானாகத் தேறாது. முழு ரீஜெனரேஷன், அதாவது பம்பைச் சூடாக்கிச் சேர்ந்ததையெல்லாம் வெளியேற்றி மறுபடி குளிர்விக்கும் வேலை, செய்தாக வேண்டும்.

அதற்கு ஆகும் நேரத்தைக் கூட்டிப் பார்க்கலாம். அறைக்கும் பம்புக்கும் இடையிலுள்ள கேட் வால்வை மூடி, உலர் நைட்ரஜனைச் சூடாக்கிச் செலுத்தி அறைவெப்பத்துக்குக் கொண்டுவர ஒன்றரை முதல் இரண்டு மணி. கரியில் ஊறிய நீர் வெளியேற மேலும் ஒரு மணி. பிறகு 0.07 மில்லிபார் வரை ரஃபிங் பம்பால் (தொடக்க வெற்றிடம் தரும் சாதாரணப் பம்பு) இழுத்து, வால்வை மூடி, அழுத்தம் ஏறும் வேகத்தை அளக்க வேண்டும். நிமிடத்துக்கு 0.013 மில்லிபாருக்கு மேல் ஏறினால் நீர் இன்னும் இருக்கிறது என்று பொருள், நைட்ரஜனிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தேறினால் குளிர்விக்க இரண்டு மணி. ஆக, இரண்டு மணி மின்வெட்டு ஒரு முழு வேலைநாளைத் தின்றுவிடும். நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அழுத்தம் ஏறுவதை அளக்கும் அந்தப் படியைத் தாண்டிப்போகாதீர்கள். நீர் மிஞ்சிய பம்பு 20 கெல்வினுக்குக் கீழே இறங்காமல் 25-இல் நின்று அடம்பிடிக்கும், செலவழித்த இரண்டு மணியும் வீண்.

டர்போவில் கரண்ட் போனால் கேட் வால்வு மூடும், டர்போவின் பின்புறத்தைத் துணைப் பம்போடு இணைக்கும் முன்குழாயின் வால்வு மூடும், சுழலி தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 700 லிட்டர் வகுப்பில் அது நொடிக்கு 820 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 49,200. பல மாதிரிகளில் சுழலியே ஜெனரேட்டராக மாறித் தன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுக்கும். கரண்ட் வந்ததும் சில நிமிடங்களில் முழு வேகம், அரை மணியில் பழைய நிலை. உள்ளே சேர்த்துவைத்தது எதுவும் இல்லை, அதனால் திருப்பிக் கொட்டவும் எதுவும் இல்லை.

பாட்டரி விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது. 2022, 2023 மின்வெட்டுக் காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு மாட்டினார்களே, 5 கிலோவாட் இன்வெர்ட்டரும் 5 கிலோவாட்-மணி லித்தியம் பாட்டரியும், அதையே எடுத்துக்கொள்வோம். கிரையோ கம்ப்ரசர் சுமார் 2 கிலோவாட், அதைக் குளிர்விக்கும் சில்லர் ஏறக்குறைய அதே அளவு. மொத்தம் 4. பாட்டரி ஒரு மணி நேரம் தாங்கும், அதற்கு முன்பே கம்ப்ரசர் தொடங்கும் மின்னோட்டத்தில் இன்வெர்ட்டர் துண்டித்துக்கொள்ளவும் கூடும். டர்போவுக்கு முழுவேகத்தில் 100 வாட், அதன் பின்னால் நின்று வாயுவை வெளியேற்றும் துணைப் பம்பான ஸ்க்ரோல் பம்புக்கு 500 வாட்டுக்குச் சற்று மேல். அதே பாட்டரி ஏழு மணி நேரம் இழுக்கும்.

ஸ்க்ரோலையும் நிறுத்தலாம். 10⁻⁶ மில்லிபாரில் நொடிக்கு 600 லிட்டர் இழுத்தால் டர்போ பின்னே தள்ளும் வாயு நொடிக்கு 0.0006 மில்லிபார்-லிட்டர். இரண்டு மணிக்கு சுமார் 4.3. முன்குழாயில் 20 லிட்டர் தொட்டி ஒன்றை இணைத்திருந்தால் அங்கே அழுத்தம் 0.2 மில்லிபார் மட்டுமே உயரும். தகடுகளுக்குப் பின்னால் இழுவைக் கட்டம் (வாயுவை மேலும் அழுத்தும் பகுதி) கொண்ட டர்போக்கள் 10 மில்லிபார் பின்னழுத்தம்வரை தாங்கும். ஆகவே 100 வாட்டை மட்டும் காப்பாற்றினால் போதும், வெற்றிடம் கலையாது. தொட்டியும் முன்குழாய் வால்வும் கசியாமல் இருக்க வேண்டும் என்பதொன்றே நிபந்தனை. ஹீலியம் கசிவுமானி கொண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்தப் பம்பு வைத்தாலும் செய்தாக வேண்டிய மூன்று வேலைகள் உண்டு. கேட் வால்வு காற்றழுத்தத்தில் இயங்குவது, கட்டடத்தின் காற்றுக் கம்ப்ரசரும் அதே கரண்டில்தான் ஓடுகிறது. எந்திரத்தின் பக்கத்திலேயே ஒருவழி வால்வோடு 10 லிட்டர் காற்றுத்தொட்டி வைக்காவிட்டால் வால்வு பாதியில் நின்றுவிடும். அடுத்தது, கரண்ட் திரும்பும்போது வரும் மின்னழுத்த எழுச்சி. பம்பின் மின்னணுப் பெட்டிகள் போவது பெரும்பாலும் கரண்ட் போகும்போது அல்ல, வரும்போது. கரண்ட் வந்ததும் தானாக மூடிக்கொள்ளாத காண்டாக்டரும் (மின்சுற்றை இணைக்கும் சுவிட்ச்) ஐந்து நிமிடத் தாமத ரிலேயும் போட்டுவிடுங்கள். மூன்றாவது ஜெனரேட்டரின் ஃபேஸ் வரிசை. யாராவது இரண்டு கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால் மூன்று-ஃபேஸ் ஸ்க்ரோல் பம்பும் சில்லரும் பின்னோக்கிச் சுற்றும். ஃபேஸ் வரிசை ரிலே மலிவானது, அதைத் தவிர்க்கக் காரணமே இல்லை.

அன்றாடப் பராமரிப்பில் இரண்டும் வேறு வேறு குணம். கிரையோவில் ஹீலியம் 99.999 சதவீதத் தூய்மையில் வேண்டும். சுயமூடி இணைப்பைத் திருகும்போது இரண்டு ஸ்பேனர் பிடிக்க வேண்டும், ஒன்றால் திருகினால் குழாய் முறுக்கிக்கொண்டு கேஸ்கட் நழுவி ஹீலியம் கசியும். கம்ப்ரசரின் எண்ணெய் உறிஞ்சி உருளையை மாதிரிக்கேற்ப 10,000 முதல் 30,000 மணிக்குள் மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் எண்ணெய் குளிர்த்தலைக்குள் (கட்டங்களைக் குளிர்விக்கும் பகுதி) போய் உறைந்து, கட்டையில் தட்டுவது போலச் சத்தம் வரும். அதிகம் கவனிக்கப்படாத இடம் பாதுகாப்பு வால்வு. ரீஜெனின்போது (ரீஜெனரேஷனின் சுருக்கம்) பறக்கும் கரித்துகள் அதன் ஓ-ரிங்கில் ஒட்டிக்கொண்டு மெல்லிய கசிவைத் தரும். பம்பு கெட்டுவிட்டதென்று குளிர்த்தலையைக் கழற்றுவதற்கு முன் அந்த ஓ-ரிங்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் பாருங்கள்.

டர்போவில் பேரிங்தான் உயிர். பந்து பேரிங் வகையில் எண்ணெய் ஊறிய திரித்தொகுதி ஒன்று உண்டு, நான்கு வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும். உள்ளூரிலேயே செய்யக்கூடிய வேலை. பேரிங்கே போனால் பம்பைக் கடல் தாண்டி அனுப்பவேண்டி வரலாம், ரேண்டில் கணக்குப் பார்த்தால் வலிக்கும். ஆகவே வாங்கும்போதே பேரிங்கை இங்கே மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழுவேகம் அடைய ஆகும் நிமிடம், முழுவேகத்தில் இழுக்கும் ஆம்பியர், பேரிங் வெப்பநிலை, இந்த மூன்றையும் வாராவாரம் குறிப்பேட்டில் எழுதுவது எங்கள் பழக்கம். நான்கு நிமிடம் ஆறாக நீண்டால் பேரிங்கோ முன்குழாயோ பேசத் தொடங்கிவிட்டது.

ஸ்க்ரோல் பம்பின் நுனி முத்திரையின் (சுருள்களின் விளிம்பில் கசிவைத் தடுக்கும் பட்டை) ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம். கடைசி அழுத்தம் 0.02-இலிருந்து 0.1 மில்லிபாருக்கு ஏறினால் மாற்றும் நேரம். வேலை ஒரு மணிதான், ஆனால் உள்ளிருக்கும் தேய்மானத் தூள் தூய அறைக்குள் வரக்கூடாது, தூய அறைக்கு வெளியே உள்ள சேவைப் பாதையில் வைத்துத்தான் திறக்க வேண்டும். புதிய முத்திரை படிய ஒரு நாள் ஓடட்டும். நம் ஊர் ஈரத்துக்குத் தினமும் மாலையில் காஸ் பேலஸ்டை (பம்புக்குள் சிறிது காற்றை விட்டு நீராவியை வெளியேற்றும் திறப்பு) இருபது நிமிடம் திறந்து வையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும்.

டர்போவுக்கு எதிராகச் சொல்ல வேண்டிய பெரிய விஷயம், அது ஒரு தவறையும் மன்னிக்காது. வளிமண்டல அழுத்தத்தில் யாராவது கேட் வால்வைத் திறந்தால் கிரையோவுக்குப் போவது ஒரு நாள், டர்போவுக்குப் போவது சுழலியே. ஒரு எம்2 திருகு விழுந்தாலும் அதே கதி. பலர் கை வைக்கும் எந்திரத்தில் இது கற்பனை ஆபத்து அல்ல. கேட் வால்வின் சோலினாய்டுக்குச் செல்லும் கம்பியில் தொடராக ஓர் அழுத்தச் சுவிட்ச் வையுங்கள். மென்பொருளில் மட்டும் பூட்டுப் போட்டால் அதை யாராவது ஒருநாள் கைமுறை நிலைக்கு மாற்றிவிடுவார்கள். பம்பின் வாயில் சிதறல்தடுப்பு வலை கட்டாயம். அது வேகத்தில் பத்து, இருபது சதவீதத்தைக் குறைக்கும், குறையட்டும்.

நீராவியில் டர்போ பின்தங்குவதைப் பாதிக்குமேல் ஈடுகட்ட வழிகள் உண்டு. அறையை உலர் நைட்ரஜனால் மட்டுமே நிரப்பி, கதவை ஐந்து நிமிடத்துக்குள் மூடிவிடுவது முதல் வழி. சுவர்க்கவசங்களில் தடித்துப் படிந்த பழைய படலம் மழைக்கால அப்பளம் போல ஈரத்தை உறிஞ்சி நமத்துக் கிடக்கும், அந்தத் தகடுகளை முறையாக மாற்றினாலே பம்பு இறங்கும் நேரம் கண்ணுக்குத் தெரியக் குறையும். மாதிரியை மறைக்கும் ஷட்டரை மூடிவைத்து 10 முதல் 20 நானோமீட்டர் டைட்டேனியம் ஆவியாக்குங்கள், புதிய டைட்டேனியம் மிச்ச வாயுவைப் பிடித்துக்கொண்டு அழுத்தத்தை நன்றாகக் கீழே இறக்கும். அலுமினியம் போடுபவர்களுக்கு இது மிகவும் உதவும்.

ஆர்கான் அயனிகளால் உலோகத்தை மோதிப் பெயர்த்துப் பூசும் ஸ்பட்டரிங் எந்திரம் என்றால் யோசனையே வேண்டாம், டர்போ. 8 அங்குலக் கிரையோவின் ஆர்கான் கொள்ளளவு சுமார் 1000 லிட்டர். நிமிடத்துக்கு 30 கன சென்டிமீட்டர் விட்டால் 550 மணியில் நிறைந்துவிடும். ஆக்ஸிஜன் சேர்த்து ஓடினால் உறைந்த ஆக்ஸிஜன் ரீஜெனின்போது ஒரே மூச்சில் வெளிவரும். அப்போது சூடான இழைகொண்ட அழுத்த அளவியான அயனிமானி எரிந்துகொண்டிருக்கக் கூடாது. இன்னொரு குறிப்பு: வெப்பம் கடத்தப்படுவதைக் கொண்டு அழுத்தத்தை அளக்கும் பிரானி மானி நைட்ரஜனுக்கு அளவிடப்பட்டது, ஆர்கானில் காட்டும் எண்ணை 1.7-ஆல் பெருக்குங்கள்.

சுழலியைக் காந்தத்தால் மிதக்கவிடும் காந்த மிதவை டர்போவைப் பற்றிக் கேட்பார்கள். எண்ணெய் இல்லை, தேய்மானம் இல்லை, உண்மை. ஆனால் கரண்ட் போய்ச் சுழலி வேகம் இழந்த பிறகு துணைப் பேரிங்கில் இறங்குகிறது, அப்படி இறங்குவதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. எங்களிடம் அது ஓடியது குறைந்த காலமே, அதனால் அழுத்திப் பரிந்துரைக்கத் தயங்குகிறோம். பாட்டரி இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள்.

கட்டடம் முழுவதும் முப்பது நொடியில் ஏறும் ஜெனரேட்டரில் இருந்தால், சில்லரும் அதிலேயே இணைந்திருந்தால், எந்திரத்தைத் தொடுபவர்கள் மூன்று, நான்கு பேர்தான் என்றால், குறிப்பாக ஜோசப்சன் சந்தி (மீக்கடத்திக் கருவி) போன்ற நீராவி தாங்காத அலுமினிய வேலை என்றால், கிரையோ வாங்குங்கள். அப்போதும் டிசம்பர் விடுமுறைக்குப் பூட்டிப்போகும்முன் ரீஜென் செய்து, கேட் வால்வை மூடி, பம்பை உலர் நைட்ரஜனில் நிரப்பிக் கம்ப்ரசரை நிறுத்திவிட்டுப் போங்கள். ஓடவிட்டுப் போனால் ஆளில்லாத நாளில் கரண்ட் போய், சேர்த்துவைத்ததையெல்லாம் பாதுகாப்பு வால்வு வழியாகக் கொட்டியிருக்கும். ஜனவரியில் முதல் வேலையாக அந்த ஓ-ரிங்கைத்தான் துடைக்க வேண்டிவரும்.