கரையான் மருந்து சேவை: வீட்டுக்குள் நாலு நட்சத்திரம், தோட்டத்துக்கு ஒன்று

பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் பங்கு வீட்டுக்குக் கரையான் மருந்து போட காரைக்குடியிலிருந்து ஆள் வந்தார்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. விசாரித்த வரையில் இந்தப் பக்கம் மருந்து போடுகிறவர்கள் பலரும் இதே மாதிரிதான் வேலை செய்கிறார்களாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பர்மா தேக்கைக் கரையான் அண்டாது என்று அப்பத்தா சொல்வார்கள். முகப்புத் தூணும் நிலைக்கதவும் அப்படியேதான் இருந்தன. அரித்ததெல்லாம் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் பிற்பாடு போட்ட நாட்டு மரச் சட்டத்தையும், பழைய கணக்கு நோட்டு அலமாரியையும்தான். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் துளை போட விடமாட்டேன் என்றேன். சுவரோரச் சந்தில் அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு, மருந்தை இறக்கி, வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். கல்லில் ஒரு கீறல் இல்லை. மருந்து 20 சதவீதக் குளோர்பைரிபாஸ். லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம் வரும். கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எங்கள் வீட்டில் சரியாகவே கலந்தார்கள், அப்புறம் புதிதாக மண்கோடு ஏறவில்லை.

குறை தோட்டத்தில். மீந்த மருந்தைக் கொட்ட மனமில்லாமல், கூட வந்த பையன் கேட்காமலே மதிலோரம், வேப்பமரத்தடிப் புற்று, கிணற்றடிச் செடி என்று அடித்து முடித்துவிட்டு, "இது ஃப்ரீதான் ஆச்சி" என்றான். வெள்ளிக்கிழமை பால் ஊற்றுகிற புற்று அது!

மறுநாள் கிணற்றடியில் ஓர் அரணை கிடந்தது. ஆள் அரவம் கேட்டால் சருகுக்குள் பாய்கிற பிராணி, ஈர்க்குச்சியால் தொட்டும் நகரவில்லை. வாய் பாதி திறந்திருந்தது, பின்கால்கள் விட்டு விட்டு வெட்டி இழுத்தன. மதியத்துக்குள் அடங்கிவிட்டது.

கடலைக் கொல்லையில் வேர்ப்புழுவுக்கு ஊற்றுவதும் இதே மருந்துதான். நரம்பின் சேதியை முடித்துவைக்கிற நொதியை இது முடக்கிவிடும், தசை ஓய்வில்லாமல் துடிக்கும். அரணை வயிறு மண்ணில் பட ஊரும், அதுவும் ஓணானும் மருந்து பட்ட பூச்சியையே தின்பவை. ஓணான் மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடும். அந்தத் தோல் முட்டை மண்ணின் ஈரத்தை உறிஞ்சும்போது மருந்தும் கூடவே உள்ளே போகலாம். மருந்து நேரே கொல்லாவிட்டாலும் பட்டினி இருக்கிறது. மடகாஸ்கரில் வெட்டுக்கிளிக்கு ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்தை அடித்த இடங்களில் கரையான் அழிந்தது. அதைத் தின்று பிழைத்த பல்லியினங்களும் குறைந்துபோயின.

பாட்டிலில் இருக்கும் மஞ்சள் முக்கோணத்தை நம்பி இதையெல்லாம் தெரிந்துகொள்ள முடியாது. எலி போன்ற ஆய்வக விலங்குகளை எவ்வளவு கொல்லும் என்ற கணக்கு அது. அமெரிக்காவில்கூட மருந்துக்கு அனுமதி தரும்போது ஊர்வனவற்றுக்குத் தனிச் சோதனை கேட்பதில்லை, பெரும்பாலும் பறவைக்கு வந்த முடிவையே அவற்றுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். அரணைக்கு ஆவதும் குருவிக்கு ஆவதும் எப்படி ஒன்றாகும்?

மேலாளரிடம் போனில் சொன்னேன். "பூச்சி பொட்டு இல்லாம இருந்தா நல்லதுதானே" என்றார். எலியைப் பிடிக்க வரும் சாரைக்கும் சேர்த்துத்தான் சொன்னார் போல.

கூப்பிடுபவர்கள் முன்பணம் தரும்போதே ரசீதில் "கட்டடத்துக்கு வெளியே தெளிக்கக் கூடாது" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை லிட்டர் தேவை என்று அளந்து கலக்கச் சொல்லுங்கள், மீந்தால்தானே இலவசம்! புற்று இருக்கிற வீடானால் வேலை முடியும்வரை தோட்டக் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருங்கள்.