மாற்றாத மதர்போர்டுக்கு 850 ரிங்கிட்: மடிக்கணினித் திரை இருண்டவர்கள் கவனத்திற்கு

மடிக்கணினியின் திரை திடீரென இருண்டுவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடுங்கள். கோலாலம்பூரில் எல்ஆர்டி ரயில் நிலையம் ஒன்றுக்கு அருகே, கடைவீட்டு வரிசையின் முதல் மாடியில் இயங்கும் ஒரு பழுதுபார்ப்புக் கடை, மதர்போர்டை, அதாவது மடிக்கணினியின் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையை, மாற்றியதாகச் சொல்லி என்னிடம் 850 ரிங்கிட் வாங்கிக்கொண்டது. மதர்போர்டு மாற்றப்படவே இல்லை என்பது நேற்று மாலை என் கண்முன்னே உறுதியாகிவிட்டது. புகார் விசாரணைக்கு வரும்வரை கடையின் பெயரை வெளியில் எழுத வேண்டாம் என்று என் கணவர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன். மற்றபடி நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். திரை இருண்டால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதையும் இறுதியில் சொல்கிறேன்.

நான் இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் மாணவர்களுக்குத் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் கற்பிப்பவள். பாடக்குறிப்புகள், பயிற்சித்தாள்கள், மாணவர்களின் கட்டுரைகள் எல்லாம் அந்த மடிக்கணினியில்தான் இருக்கின்றன. ஒருநாள் காலையில் அதைத் திறந்தபோது மின்விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, விசைப்பலகையில் வெளிச்சம் வந்தது, விண்டோஸ் 11 தொடங்கும்போது கேட்கும் அந்த ஒலியும் தெளிவாகக் கேட்டது. திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. இந்த ஒலியைப் பற்றிக் கடையில் இருந்த இளைஞரிடம் நான் சொன்னேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

அந்த இளைஞர் என்னைப் பார்த்தவுடன் "வாங்க அக்கா" என்று தமிழில் வரவேற்று, நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். ஆசிரியை என்று தெரிந்ததும் தானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்தான் என்றும், தன் ஆசிரியைகளை இன்றும் மறக்கவில்லை என்றும் பேசினார். நான் கோப்புகளைப் பற்றிக் கவலைப்பட்டதும், "பயப்படாதீங்க அக்கா, உங்க பாடம் ஒன்னும் போகாது, என் சொந்த அக்கா லேப்டாப் மாதிரி பார்த்துத் தரேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் மடிக்கணினியை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் போனார். ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரத்திற்குள் திரும்பி வந்து, "மதர்போர்டு போயிடுச்சு அக்கா" என்றார். தொடக்க ஒலி கேட்கிறதே என்று நான் கேட்டதற்கு, அது வேறு பாகத்திலிருந்து வருவது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னார். ஓர் ஆசிரியையின் கேள்விக்குத் தெரிந்தே பொய்யான பாடம் நடத்தியிருக்கிறார் என்பதுதான் பணம் போனதைவிட என்னை அதிகமாகக் கொதிக்க வைக்கிறது.

முன்பணம் 300 ரிங்கிட், வேலை முடிந்ததும் 550 ரிங்கிட், ஆக மொத்தம் 850 ரிங்கிட்டை டுயிட்நவ் மின்பணப் பரிமாற்றம் வழியாகச் செலுத்தினேன். ரசீதில் மதர்போர்டு என்ற சொல்லே இல்லாமல் வெறுமனே 'ரிப்பேர்' என்று எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டி விவரமாக எழுதித் தரும்படி கேட்டபோது, எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவோம் என்றார்கள். உத்தரவாதம் மூன்று மாதம் என்று வாயால் மட்டும் சொன்னார்கள்.

சில வாரங்களிலேயே திரை மீண்டும் மின்னத் தொடங்கியது. மூடியைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் படம் மறையும், முன்னால் கொண்டுவந்தால் திரும்ப வரும். பிறகு ஒரேயடியாக இருண்டுவிட்டது. அதன்பின் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில், முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்து, அந்த இளைஞர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய குரல் பின்னால் கேட்டது. புலனத்தில் (வாட்ஸ்அப்) நான் அனுப்பிய செய்திகளுக்கு நீலக்குறி விழுந்ததே தவிர, பதில் வரவில்லை. நேரில் போய் நின்றபோது, அக்கா என்று அழைத்தவர் என் முகத்தைப் பார்க்காமலே, "இது ஸ்க்ரீன் பிரச்சினை, வாரண்டி போர்டுக்கு மட்டும்தான், ஸ்க்ரீன் மாத்த இன்னும் 400 ஆகும்" என்றார். அன்று காட்டிய அதே இருண்ட திரை, அதே ஒலி, அதே விளக்கு. அன்று மதர்போர்டாக இருந்த நோய் இன்று எப்படித் திரைக்கு மாறியது என்று கேட்டேன். கழற்றிய பழைய மதர்போர்டைத் தாருங்கள் என்றும் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். 850 ரிங்கிட் கொடுத்த எனக்கு என் பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்ற எண்ணம்கூட அவர்களுக்கு இல்லை. உள்ளிருந்து எட்டிப்பார்த்த முதலாளி, எங்கே வேண்டுமானாலும் போய்ப் புகார் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரை அழைத்தார்.

நேற்று, செந்தூலில் நெடுங்காலமாகத் தனியாக வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் மடிக்கணினியைக் கொண்டுபோனேன். அவர் திருப்புளியைத் தொடுவதற்கு முன்பே, ஒரு எச்டிஎம்ஐ கம்பியால் மடிக்கணினியைத் தன் கடைத் தொலைக்காட்சியோடு இணைத்தார். என் பாடக்குறிப்புகள் அனைத்தும் பளிச்சென்று தெரிந்தன. "போர்டு நல்லா இருக்கும்மா. போர்டு செத்திருந்தா விண்டோஸ் ஒலியே வராது" என்றார். மதர்போர்டு, நினைவகம், சேமிப்பகம் மூன்றும் ஒழுங்காக இயங்கி விண்டோஸ் ஏறினால்தான் அந்த ஒலி வெளிப்படும் என்பதை அவர் விளக்கியபோது, முதல் நாளே நான் கேட்ட கேள்வி எவ்வளவு சரியானது என்று புரிந்தது.

பிறகு என் எதிரிலேயே அடிப்பாகத்தைத் திறந்தார். மதர்போர்டை மாற்ற வேண்டுமானால் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்கைக் கழற்றியாக வேண்டும், கழற்றினால் அதற்கும் சில்லுக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டைப் புதிதாகத் தடவியாக வேண்டும். இதில் இருந்ததோ தொழிற்சாலையில் தடவிய பழைய பேஸ்ட், காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஹீட்சிங்க் திருகாணிகளில் திருப்புளி பட்ட தடமே இல்லை. விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புப் பக்கத்தில் தெரிந்த வரிசை எண்ணும் மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. மூடியின் கீல் வழியாக மதர்போர்டிலிருந்து திரைக்குப் போகும் மெல்லிய கம்பிப்பட்டை மட்டும் மடிப்பில் நைந்து போயிருந்தது. அதன் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடா சுற்றப்பட்டிருந்தது. நான் 850 ரிங்கிட் கொடுத்து வாங்கிய வேலை அந்த ஒட்டுநாடாதான். புதிய கம்பிப்பட்டைக்கும் கூலிக்கும் சேர்த்துப் பெரியவர் 120 ரிங்கிட் வாங்கினார், என்ன மாற்றினார் என்பதை ரசீதில் எழுதினார், நைந்த பட்டையையும் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். வகுப்புக் கட்டணமாகப் பெற்றோர் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்திலிருந்து போன 850 ரிங்கிட் அது.

எல்லாச் சோதனைகளையும் விரிவாக எழுத நினைத்தேன், ஆனால் கோபம் இன்னும் அடங்காததால் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். மின்னேற்றியைப் பிடுங்கிவிட்டு மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் இயக்கிப் பாருங்கள். தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால், மதர்போர்டு போய்விட்டது என்று சொல்பவரை நம்பாதீர்கள். இருண்ட திரையின் மேல் கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் பின்னொளியில்தான் கோளாறு. திரைச்சீலைக்குப் பின்னால் கொண்டுபோகும் கடையில் கொடுக்காதீர்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருவோம் என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை வழங்குபவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ரசீது, புலனச் செய்திகள், திறந்த மடிக்கணினியின் படங்கள், பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றோடு 850 ரிங்கிட்டையும் திருப்பிக் கேட்டு இன்றிரவே பதிவு செய்யப்போகிறேன். அதே வட்டாரத்தில் மதர்போர்டு என்ற பெயரில் பணம் கொடுத்தவர்கள் உங்கள் ரசீதோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.